கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்த 22 பேரில் மிஞ்சியது 7 பேர். எங்கே தப்பு?

கடனாநதி:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பேர் வேண்டாம், இங்கே நம்ம ஊர்க்காரர்கள் ரெண்டு பேராவது இருப்பார்கள். பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் சும்மாதானே இருக்கிறோம் என்று நானும் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த மூன்று பேரும் சேர்ந்து போன சித்திரையில் கீழத்தெரு சமுதாயக்கூடத்தில் இலவச கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தோம். லேப்டாப் எல்லாம் அரசு கொடுத்ததுதான். 2011இல் திட்டம் ஆரம்பித்ததில் இருந்து பிளஸ் டூவிலும் காலேஜிலும் வாங்கி, படிப்பு முடிந்ததும் பரணில் ஏற்றி வைத்திருந்தவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினோம். பதினொன்று கிடைத்தது, அதில் எட்டுக்கு உயிர் இருக்கிறது. மூடியில் அம்மா படம் போட்ட அந்தப் பழைய மாடல்தான், 2 ஜிபி ரேம், ஆன் பண்ணிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

முதல் நாள் 22 பேர் வந்தார்கள். பாதிக்கு மேல் பீடி சுற்றும் பெண்கள், 25 வயதில் இருந்து 50 வரைக்கும். பத்தாவதோடு நின்றுபோன பிள்ளைகள் ஐந்து பேர், ஓய்வுபெற்ற தலையாரி ஒருத்தர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். நாங்களும் ஒழுங்காகப் பாடத்திட்டம் எல்லாம் போட்டுத்தான் நடத்தினோம். கம்ப்யூட்டரின் பாகங்கள், மவுஸ் பிடிக்க, பெயின்டில் படம் வரைய, அப்புறம் வேர்டு, அப்புறம் எக்ஸெல். எக்ஸெல் ஆரம்பித்த அன்றைக்கு ஒரு அக்கா, கோபமாக எல்லாம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான், "தம்பி, இது யாருக்கு உள்ளது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆறாவது வாரம் எண்ணிப் பார்த்தால் 7 பேர், அதிலும் பெண்கள் இரண்டே பேர்.

என்ன சொல்லிக்கொடுப்பது, விண்டோஸா லினக்ஸா, தமிழ் டைப்பிங் எந்த முறையில், போனவர்களை எப்படித் திரும்பக் கூப்பிடுவது, எல்லாமே குழப்பமாக இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பார்வை இல்லாத பையன் ஒருவன், பி.ஏ. முடித்தவன், தினமும் கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறான். உள்ளே வா என்று கூப்பிடக்கூட எனக்கு என்னவோ தயக்கமாக இருக்கிறது, வந்தால் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்? ஏற்கெனவே இப்படி நடத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய மதர்போர்டு:

தம்பி, பாடம் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் இரும்புச்சாமான் ஆள், அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த எட்டையும் கவிழ்த்துப்போட்டு பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராக அடாப்டரில் ஓட்டுங்கள், உப்பின பேட்டரியைக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கவே கூடாது. அடுத்தது ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்து சுழல் டிஸ்க்தான் உங்கள் டீ நேரத்துக்குக் காரணம். எட்டுக்கும் ஒரே நேரத்தில் மாற்றக் காசு இருக்காது, ஊரில் வெளிநாட்டில் இருக்கிறவர் யாரையாவது பிடித்து ஆளுக்கு ஒன்று என்று 120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) வாங்கிப் போடச் சொல்லுங்கள். ரேம் டிடிஆர்3, பழைய லேப்டாப் உடைக்கிற கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், 4 ஜிபி ஆக்கினால் போதும். செத்துப்போன மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள், கீபோர்டும் ஹிஞ்சும் அதில் இருந்துதான் வரணும்.

விண்டோஸா லினக்ஸா என்றால், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது, 11 அந்த மெஷினில் ஏறவே ஏறாது. பேங்க் விஷயம் எல்லாம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அப்டேட் இல்லாத விண்டோஸில் செய்வது நல்லதில்லை. லுபுண்டு போடுங்கள், இல்லையென்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ, இரண்டுமே பழைய மெஷினுக்கு ஏற்ற லேசான லினக்ஸ் வகைகள். மத்திய அரசு நிறுவனமான சிடாக் சென்னையில் செய்த பாஸ் லினக்ஸையும் அந்த லேப்டாப்களில் போட்டுத்தான் கொடுத்தார்கள், யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, அது வேறு கதை. எட்டிலும் ஒரே திரை, ஒரே இடத்தில் ஒரே ஐகான் இருக்க வேண்டும். இன்று ஒரு மெஷின் நாளை ஒரு மெஷின் என்று மாறி மாறி உட்காரும்போது ஐகான் இடம் மாறியிருந்தால் புதிதாகப் படிப்பவர்கள் தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து கையை எடுத்துவிடுவார்கள். நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சமுதாயக்கூடத்து வயரிங். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். கல்யாணத்துக்கு சீரியல் லைட் போட இழுத்த வயரில் எட்டு அடாப்டரை மாட்டாதீர்கள்.

வெட்டிப்பேச்சு:

நல்ல மனசுதான், ஆனால் உண்மையைச் சொன்னால் கோபப்படக் கூடாது. பீடி சுற்றுகிற அக்காவுக்கு எதற்கு எக்ஸெல்? எல்லார் கையிலும் போன் இருக்கிறது, தேவையானதெல்லாம் போனிலேயே நடக்கிறது. எங்கள் ஊரிலும் ஒரு இலவசப் பயிற்சி நடந்தது, பேர் சொல்ல விருப்பமில்லை, நாற்பது பேரை உட்கார வைத்து போட்டோ எடுத்தார்கள், பரீட்சையில் ஒரே ஆள் எல்லாருக்கும் கிளிக் பண்ணிக்கொடுத்தார், சான்றிதழ் வந்தது, லேமினேஷன் செய்து மாட்டியாகிவிட்டது. என் அம்மாவும் அதில் ஒருத்தி. மெயில் என்றால் என்ன என்று இன்று வரைக்கும் தெரியாது. உங்கள் நேரத்தைப் பத்தாவது பெயிலான பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதில் போட்டால் அடுத்த வருஷமாவது பாஸ் ஆவார்கள்.

சுளகு:

தம்பி கடனாநதி, நான் உங்களுக்குப் பக்கத்து ஒன்றியம்தான். 16 வயதில் இருந்து 31 வரைக்கும் பீடி சுற்றினேன், இப்போது ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் உங்கள் வகுப்பை விட்டுப் போன பெண்களுக்காக நானே பேசிவிடுகிறேன்.

முதலில் நேரம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஆறு, ஆறரைக்குத்தான் வகுப்பு வைத்திருப்பீர்கள், எல்லா வாத்தியாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் நாளைக்கு உள்ள இலையை நனைத்துப் போடணும், உலை வைக்கணும், பிள்ளைகள் டியூஷன் விட்டு வருவார்கள். ஒரு மணி நேரம் உங்கள் கூடத்தில் உட்கார்ந்தால் குறைந்தது நூறு பீடி குறையும். இலவச வகுப்பு என்று நீங்கள் சொல்கிறீர்கள், எங்களுக்கு அதற்கு ஒரு விலை இருக்கிறது.

அடுத்தது வெட்கம். கத்தரியில் இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நுனி மடக்கி நாளைக்கு எண்ணூறு ஆயிரம் சுற்றுகிற விரலுக்கு மவுஸ் எல்லாம் ஒரு வேலையா? இரண்டு நாளில் வந்துவிடும். ஆனால் பத்தாவது படித்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து "இதுகூடத் தெரியாதா அத்தை" என்று ஒரு தடவை சிரித்தான் என்றால் முடிந்தது, மறுநாள் தலைவலி. பெண்களைத் தனி நேரத்தில் வையுங்கள், இல்லை அந்தப் பிள்ளைகளை வாயை மூடச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தால் இன்னும் நல்லது. மிச்சம் இருக்கிற அந்த இரண்டு பேரில் ஒருவரையே சொல்லிக்கொடுக்கிறவராக மாற்றிவிடுங்களேன்?

இப்போது பாடம். அந்த அக்கா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதே என் பிஎஃப் பணத்துக்காகத்தான். ஆதாரில் ஒரு பேர், பிஎஃப் கணக்கில் ஒரு பேர், அப்பா பேரின் இனிஷியல் வேறு, பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது. பீடிக்காரர்கள் வீட்டில் பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான் கதை. இதைச் சரி பண்ண அலைந்து அலைந்து, ஒவ்வொருத்தருக்கும் காசு கொடுத்து, கடைசியில் அது என்னதான் என்று நானே பார்க்கக் கற்றுக்கொண்டேன். 2017 அக்டோபர் 1 முதல் ஆதார் சரிபார்த்து வாங்கிய யுஏஎன் (பிஎஃப்பில் ஒவ்வொருத்தருக்கும் உள்ள நிரந்தர எண்) என்றால் பேர், தேதியை நாமே ஆன்லைனில் திருத்தலாம், அதற்கு முந்தியது என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும். இது தெரியாமல் இரண்டு வகைக்கும் ஒரே மாதிரி காசு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும். அவரவர் யுஏஎன் போட்டு, பாஸ்புக் திறந்து, மாசாமாசம் பணம் ஏறியிருக்கிறதா என்று அவரவரே பார்க்கணும். மவுஸ், ஸ்க்ரோல், பாஸ்வேர்டு, டவுன்லோடு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாகப் பெயின்டில் வீடும் மரமும் வரைய வேண்டியதில்லை.

அடுத்த பாடம் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் கொடுக்கிற உதவித்தொகை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் போடணும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வருஷம் 1000 ரூபாயில் தொடங்கி இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற படிப்புக்கு 25,000 வரைக்கும் இருக்கிறது. கடைசி தேதி முடிந்த பிறகு எங்கள் மையத்துக்கு வந்து அழுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். சாதி, வருமானச் சான்றிதழுக்கு அரசுக் கட்டணம் 60 ரூபாய்தான், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதும் சொல்லுங்கள் (எங்கள் முதலாளி இதைப் படிக்காமல் இருந்தால் சரி).

ஆனால் இதையெல்லாம் தொடங்கும் முன்னால் ஒரு வேலை. ஒவ்வொருத்தருக்கும் ஆதாரில், பேங்கில், பிஎஃப்பில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குப் புருஷன் நம்பர், சிலருக்கு எப்போதோ தொலைத்த சிம். ஓடிபி எல்லாம் திருப்பூரில் வேலை பார்க்கிற வீட்டுக்காரர் போனுக்குப் போகும், அவர் ஷிஃப்டில் இருப்பார், இவள் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி இரண்டு நாள் நடந்தால் மூன்றாம் நாள் ஏன் வரப்போகிறாள்?

வெட்டிப்பேச்சு அண்ணனுக்கு: போன் இருக்கிறது, சரி. அந்தப் போனில் சிறிய திரையில் நான்கு பக்க விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழை 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நாஞ்சில் வாத்தியார்:

சுளகு அக்கா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆனால் போனை ஒதுக்கிவிடவும் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்று ஒரு பஞ்சாயத்து. 2021இல் ஆரம்பித்து, 2022இல் கேரளாவின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்து என்று அறிவித்தார்கள். நூறு நாள் வேலைக் கூலி ஏறியிருக்கிறதா என்று பார்க்கவே ஆட்கள் வேலையை விட்டுப் பேங்கில் வரிசையில் நிற்கிறார்கள், அதைப் போனிலேயே பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்றுதான் அங்கே யோசனை தொடங்கியது. வகுப்பறை கட்டி ஆள் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. தன்னார்வலர்கள் வீட்டுக்கும் வேலை நடக்கிற இடத்துக்குமே போய் ஓய்வு நேரத்தில் போனை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதையே மாநிலம் முழுக்க எடுத்துப் போய் 2025 ஆகஸ்டில் கேரளா முழுவதற்கும் அறிவித்தார்கள். முழுமை என்ற அறிவிப்பை எல்லாம் நான் அப்படியே நம்புகிற ஆள் இல்லை, ஆனாலும் ஆள் இருக்கிற இடத்துக்குப் போவது என்பது நல்ல வழிதான்.

மத்திய அரசும் 2017இல் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது, வீட்டுக்கு ஒருத்தர், ஆறு கோடி பேர் இலக்கு, 20 மணி நேரப் பயிற்சி, கடைசியில் ஒரு ஆன்லைன் பரீட்சை, 2024 மார்ச்சோடு முடிந்தது. எண்ணிக்கை இலக்கைத் தாண்டிவிட்டார்கள். 20 மணி நேரம் தொடங்கி வைக்கப் போதும், பழகப் போதாது. அதற்கப்புறம் போய் உட்கார்ந்து பழக ஊரில் ஒரு இடம் வேண்டுமே. உங்களிடம் அந்த இடம் இருக்கிறது தம்பி, ஆள் வரவில்லை என்று பூட்டிவிடாதீர்கள்.

போனில் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்று: நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள் என்று எவனாவது சொன்னால் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். இதை நான் கரும்பலகையில் எழுதி அழிக்காமலே வைத்திருக்கிறேன்.

செவிவழி:

அந்தப் பையனை உள்ளே கூப்பிடுங்கள் சார். இன்றைக்கே.

எனக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. நானும் அவனைப் போல ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே இருந்தவர் "உனக்கு எப்படிப்பா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன், இந்தப் பதிலையும் நானேதான் டைப் செய்கிறேன்.

என்விடிஏ என்று ஒரு திரைவாசிப்பான், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே எழுத ஆரம்பித்தது, இலவசம், தமிழையும் வாசிக்கும். குரல் ரோபோ மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் காது பழகிவிடும். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதனால் மதர்போர்டு அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம்: ஒரு மெஷினில், முடிந்தால் இரண்டில், விண்டோஸ் இருக்கட்டும். லினக்ஸில் ஆர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, நானும் பயன்படுத்திப் பார்த்தேன், ஆனால் வேலைக்குப் போகிற இடங்களில் இருப்பது விண்டோஸ்தான். கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ தொடங்கும். பேச்சை நிறுத்த கண்ட்ரோல் மட்டும். இன்சர்ட்டும் 1ம் சேர்த்து அழுத்தினால் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பேரை மட்டும் சொல்லும், வேறு எதுவும் நடக்காது. அதில் அவனை இரண்டு நாள் விட்டுவிடுங்கள். எஃப், ஜே விசைகளில் ஒரு சின்ன மேடு இருக்கும், விரல் அங்கே உட்கார்ந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். மவுஸை அவன் பக்கத்திலேயே வைக்காதீர்கள். நீங்களும் உங்கள் திரையை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இப்படி ஓட்டிப் பாருங்கள், அவனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி போய்விடும். வாங்கவேண்டியது ஹெட்போன் ஒன்றுதான்.

டைப்பிங் பற்றிக் கேட்டீர்கள். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் யூனிகோடில் (எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே பதிவாகும் முறை) சொல்லிக்கொடுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுக்கிற கோப்பை என்விடிஏ திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக உளறும், ஏனென்றால் உள்ளே இருப்பது உண்மையில் அதுதான், தமிழ் என்பது கண்ணுக்குப் போட்ட வேஷம். பையன் பி.ஏ. படிக்கும்போது எத்தனை நோட்ஸ் அப்படி வந்திருக்குமோ.

முறை என்றால் தமிழ்99 விசைப்பலகை. 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தரப்படுத்தியது. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். தங்கிலீஷில் அடிப்பது உங்களுக்கும் எனக்கும் சுலபம். எட்டாவது படித்த அக்காவுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் கூட்டச் சொல்வது இரட்டை வேலை.

சுளகு:

செவிவழி சார் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைப்பிஸ்ட் வேலைக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளை இருந்தால் அதற்கு அரசு தட்டச்சுத் தேர்வு லோயர், ஹையர் சான்றிதழ் கேட்பார்கள், அது டைப்ரைட்டர் முறை, தமிழ்99 அங்கே உதவாது. அந்தப் பிள்ளைகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் இரண்டையும் பழகிக் கொஞ்ச நாள் இரண்டிலும் குழம்பினேன்.

வில்லியனூர்க்காரன்:

தாமதமாக வருகிறேன். வெட்டிப்பேச்சு கேட்ட கேள்வியை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்திலும் கேட்டார்கள், சோத்துக்கு இல்லாதவனுக்குக் கம்ப்யூட்டரா என்று.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் கிராம அறிவு மையங்களை ஆரம்பித்தது, வில்லியனூர்தான் நடு மையம். டெலிபோன் ஒழுங்காக இல்லாததால் வயர்லெஸ் வைத்துக் கிராமங்களை இணைத்தார்கள், கரண்ட் போகும் என்பதால் சோலார். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஊருக்குள் வரவில்லை. உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று முதலில் கேட்டுத் திரிந்தார்கள். எம்பலத்தில் மையம் கோவில் இடத்தில் நடந்தது, மையங்களை நடத்தியவர்களில் நிறையப் பேர் வீட்டுப் பெண்கள். வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர் யாரும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, ஆனாலும் கம்ப்யூட்டரால் பயன் இருந்தது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. நல்லவாடு மீனவக் கிராமம். அந்த ஊர் மையத்தில் முன்பு தன்னார்வலராக இருந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார், டிவியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். மையத்தின் கதவை உடைத்து மைக்கில் அறிவித்தார்கள். படகு போனது, வீடு போனது, மூவாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் இருந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கூடத்திலும் ஒரு ஒலிபெருக்கி இருக்கும், கல்யாணத்துக்குப் போடுவதுதான். உதவித்தொகைக் கடைசி தேதி, பிஎஃப் முகாம், நூறு நாள் கூலி ஏறியது எல்லாம் அதில் தினமும் ஐந்து நிமிஷம் சொல்லுங்கள். கேட்டவர் காரணத்தோடு வருவார்.

இன்னொரு விஷயம், யாரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். கூடம் கீழத்தெருவில். மேலத்தெருப் பெண்கள் வருகிறார்களா? மேலத்தெருவில் வைத்திருந்தால் கீழத்தெரு வருமா? எங்கள் பக்கம் மையம் அமைக்கும்போது எல்லாச் சாதியும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொண்ட பொது இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வந்த 22 பேர் எந்தத் தெரு, நின்ற 15 பேர் எந்தத் தெரு என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

கடனாநதி:

எல்லாருக்கும் நன்றி. எழுதிப் பார்த்தேன். நேராகவே சொல்கிறேன், மேலத்தெருவில் இருந்து வந்தவர்கள் நான்கு பேர், நான்கு பேரும் முதல் பத்து நாளிலேயே நின்றுவிட்டார்கள். பீடி நேரம் காரணமா மற்றதா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று அம்மா சொல்கிறார். நானும் மேலத்தெருதான், எனக்கு இது தோன்றவே இல்லை என்பது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

சுளகு அக்கா, ஒரு சந்தேகம். பகலில் சுற்றுகிறீர்கள், சாயங்காலம் வீட்டு வேலை. அப்படியானால் எப்போதுதான் நேரம் கிடைக்கும்?

சுளகு:

பீடிக்கடையில், தம்பி. கொண்டுபோன பீடியை எண்ணி, கழிவு பார்த்து, நோட்டில் வரவு போட்டு, இலையும் தூளும் வாங்கி வெளியே வர ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். திண்ணையில் சும்மா உட்கார்ந்து ஊர்க்கதைதான் பேசுவோம். இரண்டு தெருவும் அங்கேதான் வரும். ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள்.

கடனாநதி:

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். சொன்னபடி திண்ணைக்குப் போனேன். நன்றாகப் பேட்டரி நிற்கிற லேப்டாப் ஒன்றே ஒன்றுதான் தேறியது, நெட்டுக்கு என் போன். முதல் நாள் கடைக்காரர் முறைத்தார், பிஎஃப் என்ற வார்த்தையைக் கேட்டதும் இன்னும் முறைத்தார். இரண்டாவது வாரம் அவரே வந்து தன் மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு எப்படிப் போடுவது என்று கேட்டார்.

இதுவரைக்கும் பதினாறு பேர் அவரவர் பாஸ்புக்கைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஆறு பேருக்குப் பேர் பிரச்சினை, ஒருவருக்கு நடுவில் ஏழு மாசம் பணமே ஏறவில்லை, அவர் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லி சேலை முந்தியில் முடிந்துகொண்டு போனார். அதற்கு யாரிடம் போகணும் என்று யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதுதான் இப்போது என் அவசரக் கேள்வி. போன் நம்பர் எழுதிய தாள் தனிக் கூத்து, பதினாறில் ஒன்பது நம்பர் வேறு ஆளுடையது. "இது யாருக்கு உள்ளது" என்று கேட்ட அக்கா தன் யுஏஎன்னைக் காலண்டர் பின்னால் எழுதி வைத்திருக்கிறாராம், ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

கூடத்து வகுப்பு இப்போது பிள்ளைகளுக்கு மட்டும், லுபுண்டு போட்டாகிவிட்டது, தமிழ்99 பழகுகிறார்கள். தலையாரி தாத்தா மட்டும் லுபுண்டில் சீட்டு விளையாட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மேலத்தெருப் பிள்ளை ஒன்று வந்திருக்கிறது, ஒன்றுதான்.

செவிவழி சார், பையன் உள்ளே வந்துவிட்டான். இன்சர்ட் 1 போட்டு விட்டோம், இரண்டு நாள் என்று சொன்னீர்கள், அவன் ஒரே சாயங்காலத்தில் முழு கீபோர்டையும் முடித்துவிட்டு இப்போது வேகம் போதவில்லை, பேச்சை வேகமாக்குங்கள் என்கிறான். எனக்கு அந்த வேகத்தில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இது வழக்கம்தானா?

செவிவழி:

வழக்கம்தான். என்னுடையதைக் கேட்டால் உங்களுக்குத் தேனீ பறக்கிற மாதிரி இருக்கும். இனி அவனை மற்ற பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுக்க விடுங்கள், அவன் கீபோர்டைப் பார்க்க மாட்டான், அவர்களுக்கும் பார்க்காமல் அடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

வெட்டிப்பேச்சு:

அந்த ஏழு மாச விஷயம். பிஎஃப் அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே புகார் போடலாம் தம்பி, இபிஎஃப்ஐஜிஎம்எஸ் என்று தனி இணையதளம் இருக்கிறது, புகார் எண் கொடுப்பார்கள். பாஸ்புக் பக்கத்தையும் கம்பெனி கொடுத்த சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து இணையுங்கள். எங்கள் அம்மா யுஏஎன்னும் பரணில் எங்கோ கிடக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன்.